மூச்சு விடாத பாட்டு

பம்பாயிலிருந்து மாமா கொண்டுவந்த சாமான்களில் எதற்கும் உதவாதது என்று எங்கள் வீட்டில் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது அந்தக் கேசட்தான். அப்பாவுக்குச் சவர சாமான்கள் அடங்கிய ஒரு பெட்டி வந்தது. பெரியப்பாவுக்கு நீளமான பேட்டரி லைட். அம்மாவுக்குத் தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கிற ஒரு சேலை. அவையெல்லாம் என்றைக்காவது உபயோகப்படும் என்று பீரோவுக்குள் போய்விட்டன. எனக்கும் அக்காவுக்கும் பொதுவாக வந்தது கேசட்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பம்பாயில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்தால் ஒரு மாதம் போல இருப்பார். அந்த முறை கிளம்புவதற்கு முன்னால் நடைபாதைக் கடை ஒன்றில் நின்று, பிள்ளைகள் கேட்பதற்கு நல்ல இங்கிலீஷ் பாட்டாகக் கொடு என்று கேட்டிருக்கிறார். தினமும் கேட்டால் எங்களுக்கு இங்கிலீஷ் தானாக வந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். கடைக்காரன் அந்த நேரத்தில் எது சத்தமாக ஓடிக்கொண்டிருந்ததோ, அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

அட்டையில் நான்கு பேர் ஒரு கம்பிவேலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, நம்மிடம் எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி முறைத்தார்கள். ஒருவனுடைய கால்சட்டை இடுப்பை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"இவுகளுக்கு இதான் மொதோ கேசட்டாம். இதுக்கு முன்னாடி இவுகள அங்க ஒருத்தருக்கும் தெரியாதாம்" என்றார் மாமா.

பெரியப்பா அட்டையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமேயும் தெரியாம இருந்தா நல்லது மாப்ள" என்றார்.

ராப்பும் மெட்டலும் கலந்த அந்த வகைப் பாட்டுக்கு உலகத்தில் ஒரு பெயரும் ஒரு கூட்டமும் உண்டு என்பதெல்லாம் நான் கல்லூரிக்குப் போனபிறகு தெரிந்துகொண்டது. தொண்ணூறுகளின் நடுவில், பாளையம்பட்டியில், மாட்டுத்தீவனக் கடைக்காரர் வீட்டில் அது இங்கிலீஷ் பாடமாகத்தான் நுழைந்தது. அதனால் மரியாதையாகத்தான் உட்கார்ந்து கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை அடைத்துவிட்டு அப்பாவும் பெரியப்பாவும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அம்மா டேப் ரெக்கார்டரின் மேல் போட்டிருந்த பூவேலைத் துணியை எடுத்து மடித்து வைத்தாள். பொத்தான்களை அமுக்குவது அந்த வீட்டில் என் உத்தியோகம். ஆறாம் வகுப்புப் படிக்கிற எனக்கு வேறு பெரிய பதவி எதுவும் இல்லாததால் அதை நான் மிகுந்த பொறுப்புடன் செய்துவந்தேன்.

முதலில் ஒரு முரசு. அப்புறம் பருத்தி அரைக்கிற ஜின்னிங் மில்லைக் கூடத்துக்குள் கொண்டுவந்து ஓட்டிவிட்டது மாதிரி ஒரு சத்தம். அப்பா உடனே எழுந்து, டேப் சிக்கிவிட்டது, நிறுத்து என்றார். நிறுத்திப் பார்த்தோம். சிக்கவில்லை. மறுபடி ஓடவிட்டதும் ஒருவன் பேச ஆரம்பித்தான். பேச்சு என்றும் சொல்ல முடியாது, பாட்டு என்றும் சொல்ல முடியாது. இடைவெளி விடாமல், ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல் கடித்துக்கொண்டு, கோபமாக.

"யாரைப் போட்டு இந்த வையி வையுறான்?" என்று அம்மா கேட்டாள்.

"பாட்டுத்தான்க்கா. அங்க இதான் ஓடுது."

"பாட்டுன்னா ஒரு ராகம் வேண்டாமாடா?"

அந்த நேரத்தில் எல்லாம் அடங்கிப்போனது. மில் நின்றது. முரசு நின்றது. அவன் குரல் மட்டும் காதோடு ரகசியம் சொல்கிற மாதிரி இறங்கி, தேய்ந்து, அவ்வளவுதான் முடிந்தது என்று தோன்றியது. அம்மா பெருமூச்சு விட்டுக்கொண்டு, காப்பித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அப்போது எல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்து எங்கள் மேல் விழுந்தது. அம்மாவின் கையிலிருந்து தம்ளர்கள் நாலாபக்கமும் உருண்டன. பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். பெரியம்மா காலமானபிறகு எங்களோடேயே இருந்த அவர்தான் வீட்டில் தீர்ப்புச் சொல்கிறவர். "அந்தச் சனியன நிறுத்து" என்று அவர் சொன்னதோடு எங்கள் இங்கிலீஷ் பாடம் முடிவுக்கு வந்தது.

சிரித்துக்கொண்டிருந்தது அக்கா ஒருத்திதான். அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்போது அவள் அருப்புக்கோட்டையில் பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக் கபடி அணியில் இருந்தாள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு உண்டு. கடையில் புண்ணாக்குத் தூசியும் தவிட்டுத் தூசியும் எப்போதும் பறந்துகொண்டிருக்கும். அவள் அங்கே கொஞ்ச நேரம் நின்றாலே போதும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும். அதனால் கடைப்பக்கமே அவளை விடமாட்டார்கள். பள்ளியிலும் விஷயம் தெரியும். எங்கள் பக்கத்தில் கபடியில் எதிரணிக்குள் போவதைப் பாடிப் போவது என்பார்கள். கபடி கபடி என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போய், ஆளைத் தொட்டுவிட்டு, மூச்சு அறுவதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் பாட்டு விட்டுப்போச்சு என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். அக்காவை விளையாட்டு டீச்சர் ஒரு நாளும் பாடிப் போக விட்டதில்லை. மூலையில் நிறுத்தி, வருகிறவள் காலைப் பிடி என்று சொல்லிவிட்டார். அவளும் பிடித்தாள். நன்றாகவே பிடித்தாள். ஆனாலும் ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டு வந்து, பாடிப் போகிற செல்வராணி இன்றைக்கு என்ன செய்தாள் என்றுதான் அவள் பேச்சு ஆரம்பிக்கும். மூலையில் நின்று கால் பிடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

மறுநாள் சாயங்காலம் அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும், அக்கா என்னைக் கேசட்டைப் போடச் சொன்னாள். தரையில் படுத்து, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டாள். எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"என்ன கேக்குற?"

"அவன் எங்க மூச்சு வாங்குறான்னு கேக்குறேன்."

நானும் காதை வைத்துக் கேட்டேன். எனக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்டது. அவள் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு, திடீரென்று இறக்கி, "இந்தா, இங்க" என்றாள். திரும்ப ஓட்டச் சொன்னாள். திரும்ப ஓட்டினேன். "இந்தா." உண்மைதான். முரசின் இரண்டு அடிகளுக்கு நடுவில், எறும்பு நுழைகிற இடைவெளியில், ஒரு சின்ன உறிஞ்சல் சத்தம். அதை ஒருமுறை கேட்டுவிட்டால் அப்புறம் கேட்காமல் இருக்க முடியாது. அதற்கும் அடுத்த உறிஞ்சலுக்கும் நடுவில் அவன் எவ்வளவு சொற்களைக் கொட்டுகிறான் என்பதுதான் அக்காவுக்கு ஆச்சரியம்.

"இவனும் மனுசன்தான? இவனால முடியுதுல்ல" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் அம்மா இல்லாத நேரமாகப் பார்த்துப் பயிற்சி நடந்தது. அவன் சொல்வது எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதனால் அக்கா அந்தத் தாளத்தில் தனக்குத் தெரிந்ததைப் போட்டுக்கொண்டாள். கடையில் என்னென்ன உண்டோ அவ்வளவும் வந்தது. பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு, கோதுமைத் தவிடு, உளுந்தந்தூசி, துவரம்பொட்டு என்று அவனோடு சேர்ந்து ஒரே மூச்சில் ஓடுவாள். அவன் மூச்சு வாங்குகிற இடத்தில் இவளும் வாங்குவாள். கொஞ்ச நாளில் அவன் வாங்குகிற இடத்தைத் தாண்டியும் போக ஆரம்பித்தாள். பிறகு புண்ணாக்கையெல்லாம் விட்டுவிட்டு வெறும் கபடி கபடிக்கு வந்தாள். கூடத்தில் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டு, அதைத் தாண்டிப் போவாள், வருவாள். நான் கட்டிலுக்கு முன்னால் நின்று எதிரணியாக இருந்தேன். பொத்தானையும் கவனித்துக்கொண்டு எதிரணியாகவும் இருப்பது லேசான வேலை இல்லை.

அந்த ரகசியக் குரல் வருகிற இடம் அவளுக்கு மிகவும் பிடித்தது. "அன்னைக்கு நம்ம வீட்ல அத்தன பேரும் ஏமாந்தாகள்ல? முடிஞ்சிருச்சுன்னு அம்மா எந்திரிச்சிருச்சு. பெரியப்பா துண்ட உதறுனாக" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மூச்சு நிறைய இருக்கும்போதே மூச்சு போய்விட்ட மாதிரி குரலை இறக்குவது எப்படி என்று அந்த ஒரு இடத்தை மட்டும் டேப் தேய்கிற அளவுக்குக் கேட்டாள்.

இதற்கிடையில் எதிர்வீட்டு அத்தை ஒரு நாள் ஓட்டமாக வந்துவிட்டாள். ஆம்பிளைகள் இரண்டு பேரும் கடையில் இருக்கிற, மாமாவும் ஊர் சுற்றப் போய்விட்ட நேரத்தில் எங்கள் வீட்டுக்குள் ஒரு ஆம்பிளைக் குரல் தொண்டை கிழிய வைவது தினமும் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பொறுத்துப் பார்த்துவிட்டு, விலக்கிவிடுவதற்காகக் கையில் தென்னை விளக்குமாற்றோடு வந்து நின்றாள். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நிற்பதையும், அக்கா ஒரு காலைத் தூக்கிக்கொண்டு துவரம்பொட்டு துவரம்பொட்டு என்று சொல்லிக்கொண்டிருப்பதையும் பார்த்து அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, "ஒங்கம்மா வந்தா வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்கத்தா" என்று போய்விட்டாள். ஆனால் அம்மாவிடம் அவளே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

அது போதாதென்று அந்த வாரத்திலேயே அக்காவுக்கு இளைப்பு வந்தது. ஆடிக்காற்று அடங்காத நாட்கள். கரிசல் புழுதி வீட்டுக்குள் சோற்றுப்பானை வரைக்கும் வந்துகொண்டிருந்தது. இருந்தாலும் பழி முழுவதும் கேசட்டின் மேல் விழுந்தது. அக்கா சுவரில் சாய்ந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுவதைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்.

"இந்தப் பிள்ளைக்குக் கபடியும் வேண்டாம், கத்தலும் வேண்டாம். ஒரு பொம்பளப்பிள்ள நெஞ்சுல சத்தம் வருதுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு யாரு வந்து கேப்பா?"

"போட்டிக்குப் பேரு குடுத்தாச்சு பெரியப்பா. ஆள் கொறஞ்சா ஆட விடமாட்டாக" என்றாள் அக்கா, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு.

அப்பா எப்போதும் போல அண்ணன் முகத்தையே பார்த்தார். பிறகு, "இந்த ஒரு தடவை போயிட்டு வரட்டும்ணே" என்றார். பெரியப்பா ஒத்துக்கொண்டார். ஆனால் இதுதான் கடைசி. அதுவும் மூலையில் நின்று காலைப் பிடிப்பதோடு சரி. இன்னொரு தடவை இளைப்பு வந்தது என்று காதில் விழுந்தால் பள்ளிக்கூடத்துக்கே வந்து பேரை அடித்துவிடச் சொல்லுவேன் என்றார்.

அம்மா கேசட்டை எடுத்து எங்கேயோ ஒளித்துவைத்தாள். நான் துக்கத்தோடு டேப் ரெக்கார்டரின் மேல் பூவேலைத் துணியைப் போர்த்தினேன். அக்கா கொஞ்சமும் கலங்கவில்லை. இளைப்பு தணிந்ததும் கொல்லையில் ஒரு காலித் தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு, என் கையில் ஒரு கட்டையைக் கொடுத்தாள். "முரசு ஒனக்கு மனப்பாடந்தான? அடி." எனக்கு மனப்பாடம்தான் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் அடிக்க அடிக்க அவள் வேப்பமரத்தடியில் பாடிப் போய்ப் பாடி வந்தாள். கொல்லைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு தட்டிதான் மறைப்பு. அம்மா எங்களை அதட்டுவாள் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். அவள் கேசட்டைத்தான் ஒளித்துவைத்தாளே தவிர டின்னை ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் வட்டாரப் போட்டி பரளச்சியில் நடந்தது. அம்மா என்னையும் மாமாவையும் துணைக்கு அனுப்பினாள். மூடி போட்ட ஒரு கூஜாவில் சுடுதண்ணீர் கொடுத்து, அக்கா கேட்டால் மட்டும் கொடு, நீயாகப் போய் எல்லோர் முன்னாலும் நீட்டாதே என்று என்னிடம் சொன்னாள். பஸ் முழுக்க அக்கா பள்ளிப் பிள்ளைகள்தான். வழி நெடுக வேலிக்கருவேலும் வானம் பார்த்துக் கிடக்கிற காடுகளும். அக்கா ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். என்ன தாளம் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் இருந்த செல்வராணிக்குத் தெரியாது. அந்தப் பெருமை எனக்குப் பரளச்சி வரைக்கும் போதுமானதாக இருந்தது.

எங்களுக்கு எதிர் அணி திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்தது. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் எங்களை ஜெயித்தவர்கள். காட்டில் களை வெட்டி வளர்ந்த பிள்ளைகள். ஆளுக்கு ஆள் உறுதியாக இருந்தார்கள். கோடு போட்ட மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. முன்வரிசையில், ஒரு மாட்டுவண்டியின் நுகத்தடியில் சாய்ந்தபடி பெரியப்பா நின்றுகொண்டிருந்தார்.

பருத்திக்கொட்டை விஷயமாகப் பரளச்சி வியாபாரி ஒருவரைப் பார்க்க வந்தவர், ஆட்டம் நடக்கிறது என்று அவரோடு வந்து நின்றிருக்கிறார். இவள் மூலையை விட்டு நகர்கிறாளா என்று பார்ப்பதற்காகவே வந்தது போல எனக்குப் பட்டது. "ஆத்தாடி, பெரிய மச்சான்" என்று மாமா என் பின்னால் ஒதுங்கினார். அவர் உயரத்தில் நான் பாதிகூட இல்லை.

முதல் பாதியில் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் செல்வராணியையும் மடக்கிப் பிடித்துவிட்டார்கள். நல்ல இடைவெளியில் பின்தங்கியிருந்தோம். உள்ளே அக்காவும் இன்னும் இரண்டு பேரும்தான் மிச்சம். அந்த இருவரும் பாடிப் போகத் தெரியாதவர்கள். விளையாட்டு டீச்சர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் அக்கா நடுக்கோட்டுக்கு வந்து, குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முதல் தடவை ஒன்றுமே நடக்கவில்லை. கபடி கபடி என்று வேகமாகச் சொல்லிக்கொண்டு போனாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், யாரையும் தொடாமல் திரும்பிவிட்டாள். எதிரணிப் பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியப்பா நுகத்தடியிலிருந்து நிமிர்ந்து நின்றார்.

இரண்டாவது தடவை போனபோது நான் கையில் இருந்த கூஜாவின் மூடியில் தட்ட ஆரம்பித்தேன். அக்காவின் காதில் விழுந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அவள் அந்தத் தாளத்துக்குத்தான் வந்தாள். ஒரே இழுப்பாக இல்லாமல், மடித்து மடித்து, அந்தக் கம்பிவேலிக்காரன் எங்கள் கூடத்தில் வைதது மாதிரியே கபடியைச் சொன்னாள். கூட்டம் பேச்சை நிறுத்தியது. பாட்டு அறுகிறதா என்று பார்க்க நடுவர் காதைச் சாய்த்துக்கொண்டு அவள் கூடவே பக்கவாட்டில் நகர்ந்தார். அவள் ஆழமாக உள்ளே போனாள். இவ்வளவு தூரம் யாரும் போகமாட்டார்கள். பிறகு குரல் இறங்க ஆரம்பித்தது. கபடி என்பது கேட்கிற அளவுக்குத்தான் கேட்டது. தேய்ந்தது. தோள் சரிந்தது. மூச்சு தீர்ந்தது என்று திருச்சுழிப் பிள்ளைகள் நினைத்தார்கள். டீச்சர் நினைத்தார். பெரியப்பா "போச்சு" என்று சொன்னதை நான் உதட்டில் பார்த்தேன். மூன்று பேர் ஒன்றாகப் பாய்ந்தார்கள்.

அந்த இடத்தில் எல்லாம் திரும்ப வந்தது. அவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரலை அவள் எங்கே வைத்திருந்தாளோ. முதலில் வந்தவள் அந்தச் சத்தத்துக்கே ஒரு அடி பின்வாங்கினாள். அக்கா அவள் தோளைத் தொட்டாள், திரும்புகிறபோது அடுத்தவள் கையைத் தட்டினாள், இடுப்பைப் பிடிக்க வந்த மூன்றாமவளை உரசிக்கொண்டு, கபடி கபடி என்று கத்திக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து விழுந்தாள். நடுவர் மூன்று விரலைத் தூக்கினார். எங்கள் ஆட்கள் மூன்று பேர் உள்ளே திரும்பினார்கள். அதில் செல்வராணியும் ஒருத்தி.

அதற்குப் பிறகு ஆட்டம் வேறு ஆட்டமாகிவிட்டது. செல்வராணி ஒரு தடவை போனால் அக்கா ஒரு தடவை போனாள். அவள் குரலை இறக்கினாலே எதிரணி கலைந்து ஓடியது. குரலை இறக்காமலும் ஒரு தடவை போய் ஒருத்தியைத் தொட்டுவந்தாள். பாயிண்ட் சமமாகி, விசில் ஊத நேரம் நெருங்கிவிட்டது. கடைசியாகப் பாடிவரும் முறை அவர்களுடையது.

அவர்களுடைய தலைவி வந்தாள். கெட்டிக்காரி. அக்கா செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நன்றாக உள்ளே வந்து, அவளும் குரலை இறக்கினாள். கபடி தேய்ந்தது. எங்கள் பிள்ளைகள் எல்லோரும், ஏமாற்றுகிறாள் என்று விலகி நின்றார்கள். செல்வராணிகூட விலகினாள். "கிட்டப் போவாதீக" என்று டீச்சர் வெளியிலிருந்து கையை ஆட்டினார். அக்கா மட்டும் மூலையில் தலையைச் சாய்த்து நின்றாள். கூடத்தில் தரையில் படுத்து ஒலிபெருக்கியில் காது வைத்திருப்பாளே, அதே முகம். பிறகு பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டாள்.

பெரிய குரல் எதுவும் வரவில்லை. அந்தப் பெண்ணிடம் உண்மையாகவே மூச்சு இல்லை. இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். நடுவர் விசில் ஊதினார். அந்த ஒரு பாயிண்டில் ஜெயித்தோம்.

மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். கூஜா எங்கேயோ உருண்டு போயிற்று. புழுதி எழுந்து மைதானமே தெரியவில்லை. அதற்குள்ளிருந்து பள்ளிப் பிள்ளைகள் அக்காவைச் சுமந்துகொண்டு வெளியே வந்தார்கள். நான் பெரியப்பாவைத் தேடினேன். பரளச்சி வியாபாரி அவர் கையைப் பிடித்து, "யாரு அண்ணாச்சி அந்தப் பிள்ள? என்னா மூச்சு" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியப்பா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நம்ம பிள்ளதான். எங்க வீட்ல எல்லாருக்கும் நெஞ்சுறுதி சாஸ்தி."

திரும்பும்போது அவரும் எங்களோடு பஸ்ஸில் வந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் கலர் சோடாவும் சேவும் வாங்கிக் கொடுத்தார். ஏறுகிறவர் இறங்குகிறவர் அத்தனை பேரிடமும் அந்தக் கடைசிப் பிடியைச் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தப் பெண் வளர்ந்துகொண்டே போய், எம்.ரெட்டியபட்டி தாண்டும்போது பஸ்ஸின் கூரையை இடிக்கிற உயரத்துக்கு வந்துவிட்டாள். கேசட்டைப் பற்றியும் பேச்சு வந்தது. மூச்சுப் பழக வேண்டுமென்றுதான் பம்பாயிலிருந்து வரவழைத்தோம் என்று அவர் நடத்துநரிடம் சொல்ல, மாமா ஆமாம் என்று தலையாட்டினார். அடுத்தது மாவட்டப் போட்டி என்று டீச்சர் சொன்னதும், "அதுக்கென்ன, நானே கூட்டிட்டு வாரேன். இனிமே இந்தப் பிள்ளதான் பாடிப் போவணும் டீச்சர், மூலையில நிறுத்தி வீணாக்கிராதீக" என்றார்.

அக்கா அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். அவர் எதைச் சொன்னாலும் சிரித்தாள், தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் முன்னிருக்கையில் முட்டி போட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அந்தப் பெண்ணுக்கு மூச்சு இல்லை என்பது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். பெரியப்பா பார்க்காத நேரத்தில் என் கையில் நறுக்கென்று கிள்ளிவிட்டு, மறுபடியும் ஜன்னலுக்கு வெளியே முகத்தை வைத்துக்கொண்டாள். ஜெயித்ததும் கர்வம் வந்துவிட்டது என்று நினைத்தேன். தினமும் டின் அடித்த கை என்னுடையது.

பாளையம்பட்டியில் இறங்கும்போது எங்கள் தெருவே வாசலில் நின்றது. செய்தி எப்படியோ முன்னால் வந்துவிட்டது. எதிர்வீட்டு அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றாள். அப்பா கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆதியிலிருந்து ஆரம்பித்தார். அக்கா எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடியே கூட்டத்துக்குள் புகுந்து, கூடத்தைத் தாண்டி, நேராகக் கொல்லைக்குப் போய்விட்டாள்.

நாயகி இல்லாமல் கதை நடக்கிறதே என்று நான் அவளைத் தேடிப் போனேன். துவைக்கிற கல்லில் முழங்காலில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. நெஞ்சிலிருந்து பூனைக்குட்டி கத்துகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அம்மா யாரும் கூப்பிடாமலே சுடுதண்ணீரோடு அங்கே வந்திருந்தாள். கொல்லைக்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அம்மா உதட்டில் விரலை வைத்தாள்.

முதுகைத் தடவுவதெல்லாம் தோற்றுப்போன பிள்ளைகளுக்குத்தான் செய்வார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெயித்த வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் இப்படி ஒளிந்து உட்கார்ந்திருக்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. வாசலில் பெரியப்பா கடைசிப் பிடிக்கு வந்துவிட்டார். அதைத் தவறவிடக் கூடாதென்று நான் ஓடினேன்.